புது எஞ்சின்மேல் பழி

மோட்டார் வாகனங்களைப் பீடிக்கும் நோய்களுள் மிகக் கொடியது எது என்று கேட்பவர்களுக்கு, அடியோடு நின்றுபோவதை நான் ஒருபோதும் சொல்வதில்லை. அடியோடு நின்றுபோன வாகனம் சத்தியம் தவறாதது. தன் நிலையை அது எவரிடத்தும் மறைப்பதில்லை. தள்ளுவதற்கு நாலு பேரைக் கூப்பிடலாம், இழுப்பதற்கு லொறியை வரவழைக்கலாம், வேலைத்தலத்துக்குத் தொலைபேசி எடுத்து இன்றைக்கு வர இயலாதென்று கூச்சமின்றி அறிவிக்கலாம். ஆனால் சமதரையில் அமரிக்கையாக ஓடி, ஏதோ ஒரு மேட்டிலே மூச்சுத் திணறி, பின்னால் வருபவர்கள் ஹோர்ன் அடித்து ஓய்ந்த பிற்பாடு தானாகவே வலுப்பெற்று, விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்து ஆசனத்தில் ஏறி அமர்ந்த மாத்திரத்தில் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக் காட்டுகின்ற வாகனம் இருக்கிறதே, அது தன் சொந்தக்காரனை உறவினர் முன்னிலையிலும் ஊரார் முன்னிலையிலும் பொய்யனாக்கிவிட்டுத்தான் ஓயும்.

இந்த வியாதி டென்மார்க்கிலே ஒருவனுக்குத் தெரியவருவதே பெரிய காரியம். மேடு இருந்தாலல்லவா கார் மேட்டில் திணறும்? இந்நாட்டின் அதியுயர்ந்த இயற்கை நிலமாகிய மொலஹோய் கடல்மட்டத்திலிருந்து 170.86 மீற்றர், மலையே காணாத யாழ்ப்பாணத்தில் பிறந்த நானுங்கூட அதை மலையென்று சொல்லத் தயங்குவேன். ஆயினும் அந்தப் பட்டத்தை நிர்ணயிப்பதற்கு இந்நாட்டவர் எடுத்துக்கொண்ட சிரமத்தைக் குறைவாக எண்ணலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, 147 மீற்றர் உயரமுள்ள ஹிம்மல்பியர்க் குன்றே முதலிடம் வகிப்பதாக நம்பினார்கள். பிறகு வேறு குன்றுகள் அந்த ஆசனத்தில் ஏறி இறங்கின. கடைசியில் 2005ஆம் ஆண்டிலே மறுபடியும் அளந்து பார்த்து, யூடிங் ஸ்கோவ்ஹோய் என்பதைவிட மொலஹோய் 9 சென்டிமீற்றர் உயரம் என்று தீர்ப்புச் செய்தார்கள். ஒன்பது சென்டிமீற்றருக்காக ஒரு குன்றின் கிரீடத்தைக் கழற்றி மற்றொரு குன்றுக்குச் சூட்டுகின்ற சமூகத்திலே, "கார் இடைக்கிடை ஏதோ செய்யுது" என்ற முறைப்பாட்டுக்கு என்ன மதிப்பிருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இத்தனை துன்பம் தரும் பழைய காரை வைத்துக்கொண்டு ஏன் அல்லற்படவேண்டும், புதிதாக ஒன்று வாங்கினாலென்ன என்று சென்னையிலோ ரொறன்ரோவிலோ இருப்பவர்கள் கேட்கக்கூடும். டென்மார்க்கிலே கார் வாங்குகிறவன் தனக்கொரு காரை வாங்குவதோடு, அரசாங்கத்துக்கும் ஏறத்தாழ இன்னொரு காரை வாங்கிக் கொடுக்கிறான். பதிவு வரி என்பது அதன் திருநாமம். நாங்கள் இங்கு வந்து சேர்ந்த காலத்தில், விலையின் மேற்படிக்கு 180 சதவீதம் விதித்தார்கள். பின்னர் மனமிரங்கி உச்சப்படியை 150 ஆகக் குறைத்தார்கள். ஆகவே பழைய காரை உயிரோடு வைத்திருப்பது இந்நாட்டில் கஞ்சத்தனமன்று, கிருகஸ்த தர்மம். இத்தனைக்கும் டென்மார்க் மோட்டார் விஷயத்தில் பின்தங்கிய நாடென்றும் சொல்லிவிட முடியாது. ஆல்பர்ட் ஹாமல் என்பவருக்காக ஹான்ஸ் ஊர்பன் யொஹான்சன் 1880களின் பிற்பகுதியில் செய்த காரொன்று, 1954இல் லண்டனிலிருந்து பிரைட்டனுக்குப் பன்னிரண்டரை மணி நேரத்தில் தன் காலாலேயே ஓடிச் சேர்ந்தது. மணிக்கு ஏழு கிலோமீற்றர் வேகம். அந்தப் பிரயாணத்தில் இடையிடையே வலு குன்றியிருந்தாலும் ஒருவரும் கவனித்திருக்கமாட்டார்கள். என் காருக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

என் கார் 1991ஆம் ஆண்டுப் பிறவி. செய்த கம்பனியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் இங்கே பேசப்போகும் குற்றத்தில் கம்பனிக்குப் பங்கில்லை. நீண்ட உடம்பும் சதுரமான பின்பக்கமும் உடையது. பிறண்ட நகரத்து அபிராமி அம்மன் திருவிழாவுக்குப் போகிற அண்டாக்களும் அரிசி மூட்டைகளும் அதிலே சிரமமின்றி அடங்கும். அந்த ஒரு குணத்துக்காகவே ஹேர்னிங் தமிழ்ச் சமூகத்தில் அதற்கு ஒரு மரியாதை உண்டு. நாலு லட்சம் கிலோமீற்றருக்கு மேல் ஓடிய பின்னர் அதன் எஞ்சின் பெற்றோலோடு எண்ணெயையும் குடிக்கத் தொடங்கி, நீலப் புகையைக் கக்கத் தலைப்பட்டபோது, பின்னாலிருந்து மோதப்பட்டு உடைப்புக்கு வந்த அதே இனக் காரொன்றின் எஞ்சினை வாங்கி மாற்றுவதென்று தீர்மானித்தோம்.

எஞ்சின் மாற்றுவது உலகில் புதிய காரியமன்று. இந்தியாவின் அம்பாசடர், 1950களின் இறுதியில் மொரிஸ் ஒக்ஸ்போர்டின் உடம்போடு பிறந்து, இடையில் இசுசு எஞ்சினையும் ஏற்றுக்கொண்டு, 2014 வரை அதே முகத்தோடு உலாவியது. அதனிடம் எவரும் நீ யார் என்று கேட்கவில்லை. டென்மார்க்கிலே கேட்பார்கள். அதே வகை, அதே வலுவுள்ள எஞ்சினென்றால் தொந்தரவில்லை. வேறு வகையான, வலு மிகுந்த எஞ்சினென்றால் பரிசோதனை நிலையத்தில் காட்டி அனுமதி பெறவேண்டும். அதற்கும் மேலே போய், வரம்பு கடந்து அங்கங்களை மாற்றினாலோ, இது அந்தக் காரே அன்று, வேறு கார் என்று முடிவுசெய்து, மறுபடியும் முதலிலிருந்து பதிவு வரி கேட்கும் அதிகாரம் வரித் திணைக்களத்துக்கு உண்டு. காரின் ஆத்மா எந்த அங்கத்தில் வாசம் செய்கிறது என்ற வேதாந்த விசாரத்தை வரித் திணைக்களத்திடம் ஒப்படைத்த தேசம் இது.

குளிர்காலம் முழுவதும் கார் ஒரு நண்பரின் கொட்டகையில், அடிவயிற்றில் கொஞ்சப் பெற்றோலோடு, எஞ்சினின்றிக் கிடந்தது. வசந்தம் பிறந்ததும் புது எஞ்சின் ஏறிற்று. நால்வர் கூடி இறக்கி, நால்வர் கூடி ஏற்றி, வயர்களையெல்லாம் பெயர் எழுதி ஒட்டி ஒழுங்காகப் பூட்டிய வேலை. அதில் எவரும் குற்றம் சொல்லமுடியாது. ஹேர்னிங் சித்திவிநாயகர் ஆலய வாசலிலே நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசித்து, தேங்காய் உடைத்து, கண்ணாடிக்கு விபூதியும் சந்தனமும் சாத்தினோம். எஞ்சின் சத்தம் கேட்பதற்கே இனிமையாக இருந்தது.

அந்த இனிமை வைல நகரத்துப் பாலத்தில் கலைந்தது. ஹேர்னிங்கிலிருந்து தெற்கே போகிறவர்கள் வைல ஃபியோர்டைக் கடக்கவேண்டும். 1980இல் திறந்த அந்த நெடும்பாலம் கடல்நீரிலிருந்து நாற்பது மீற்றர் உயரத்தில் இரண்டு கரைக் குன்றுகளையும் இணைக்கிறது. அதன் நடுப்பகுதியிலே, மிதியை நிலம்வரை அமுக்கிய காலுக்குக் கீழே எஞ்சின் ஒருமுறை விக்கிற்று, பின்னர் விக்கிக்கொண்டே இருந்தது, நூற்றுப்பத்தில் போன கார் எழுபதுக்கு இறங்கிற்று. பின்னால் வந்த லொறிக்காரர் தமது விளக்குகள் அனைத்தின் ஆரோக்கியத்தையும் எனக்கு நிரூபித்தார். அக்கரை சேர்ந்து பாதை இறங்கத் தொடங்கியதும் நோய் போன இடம் தெரியவில்லை. பின்னொரு நாள் கோபன்ஹேகனில் ஒரு கலியாணத்துக்குப் போகையில், 1998இல் திறக்கப்பட்ட ஸ்ரோபெல்ட் பாலத்தின் 1,624 மீற்றர் நீளத் தொங்கு பகுதியில், கப்பல்கள் அடியில் போய்வரும்படி உயர்த்திக் கட்டிய அந்த மகோன்னதமான ஸ்தலத்தில், அதே சம்பவம் நிகழ்ந்தது. 2022ஆம் ஆண்டு ஜூலை மாதம் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயக்காரர்கள் எஞ்சினே இல்லாமல் இந்தப் பாலத்தைக் கடந்து போனதை என் மனைவி அந்த நேரம் பார்த்து ஞாபகப்படுத்தினார்.

இதன்பின் அபிப்பிராயங்கள் வரத் தொடங்கின.

"எஞ்சினைத்தானே மாத்தினனீர்? அப்ப எஞ்சின்தான் பிழை. இதில யோசிக்க என்ன கிடக்கு?" என்பதே பொதுஜன அபிப்பிராயம். கலியாண மண்டபத்திலும் கோவில் மடைப்பள்ளியிலும் வாகனத் தரிப்பிடத்திலும் இந்தத் தீர்ப்பே வழங்கப்பட்டது. பழைய எஞ்சின் புகை கக்கியதையும் எண்ணெய் குடித்ததையும் ஒரே பருவத்தில் எல்லாரும் மறந்துபோய், அது தங்கமான எஞ்சின் என்று அதன் குணநலங்களை எடுத்துப் பேசினார்கள். ஒரு வீட்டிலே ஏதாவது காணாமற்போனால் அன்றைக்குப் புதிதாக வந்தவனைத்தானே முதலில் பார்ப்பார்கள். அகதியாய் வந்து ஊரூராய்க் குடியேறியவர்களாகிய நாங்கள் அந்தப் பார்வையை நன்கு அறிவோம், அறிந்திருந்தும் எஞ்சினுக்கு அந்த நீதியையே வழங்கினோம்.

எஞ்சினுக்காகப் பரிந்து பேசிய ஒருவர் கொக்குவில் மாமா. அவருடைய வார்த்தைக்கு எங்களிடையே தனி மதிப்பு உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெற்றோல் மருந்துக்கும் கிடைக்காதபோது, ஒஸ்ரின் ஏ நாற்பது காரையும் மொரிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களுள் அவர் ஒருவர். காபரேற்றரின் வாயிலே துளி பெற்றோலைத் தெளித்து எஞ்சினைப் பற்றவைத்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். கார் போன தெரு முழுவதும் அடுப்படி மணக்கும். அந்தச் சோதனைக் காலத்தைக் கடந்து வந்த மனிதருக்கு முன்னால், நல்ல பெற்றோலும் நல்ல பாதையும் உள்ள நாட்டில் என் கார் மேட்டில் திணறுகிறது என்று சொல்லவே வெட்கமாயிருந்தது. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எஞ்சினை மூன்றுமுறை வலம் வந்தார். "தம்பி, எல்லா வருத்தத்துக்கும் மூலம் ஏர்த் வயர்தான். எஞ்சினை மாத்தினவங்கள் ஏர்த்தைச் சுரண்டிப் பூட்டியிருக்கமாட்டாங்கள். அதை இறுக்கிப்போட்டு ஓடிப்பாரும்" என்றார். சுரண்டினோம், இறுக்கினோம். அவரையே ஏற்றிக்கொண்டு வைல வரைக்கும் போனோம். கார் பாலத்தின்மேல் பறந்தது. மாமா திரும்பி வரும் வழி நெடுகத் தமது வெற்றியை மௌனமாக அனுபவித்தார். அந்த வாரம் முடிவதற்குள் கார் மீண்டும் திணறிற்று.

மாமாவின் சித்தாந்தம் பிழையென்று சொல்லமாட்டேன். ஏர்த் வயர் கெட்டால் இந்த மாதிரிக் கார்களில் எஞ்சினின் கணினி புத்தி பேதலிப்பது உண்மையே. பெற்றோல் பம்புக்கு மின்சாரம் விடுகின்ற ரிலேயின் உள்ளே ஈயப் பற்று வெடித்து, சூடேறினால் விட்டும் குளிர்ந்தால் ஒட்டியும் விளையாட்டுக் காட்டும் என்று வேறொருவர் சொன்னதும் உண்மையே. காற்றை அளக்கும் கருவியின் நுண்கம்பி அழுக்கேறி எஞ்சினுக்குப் பொய்க்கணக்குக் கொடுக்கும் என்று மற்றொருவர் சொன்னதும் உண்மையே. ஒவ்வொருவரும் தம் காருக்கு வந்த நோயை என் காருக்கு வந்திருப்பதாகச் சொன்னார்கள். பில்டர் மாற்றினோம், பிளக் மாற்றினோம், ரிலேக்குப் புதிதாக ஈயம் பற்றவைத்தோம். ஒவ்வொரு பரிகாரமும் அதைச் சொன்னவர் உடனிருக்கும்வரை பலித்தது. நாவூறு என்று சொன்ன ஒரு பாட்டியம்மாவுக்காக மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டதும், நியாயமாகச் சொன்னால், மற்றவற்றைவிடக் குறைவாகவோ கூடவோ பலிக்கவில்லை.

ஓர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மருமகன் ஒருவன், ஊகங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு வாகனத்தையே கேட்டுவிடலாம் என்று ஒரு கணினியோடு வந்தான். அதைச் செருகும் துளை 1991ஆம் ஆண்டுக் காரில் இல்லை. அதற்குப் பதிலாக, எஞ்சின் அறையின் மூலையிலே ஒரு கறுப்புப் பெட்டியும், ஒரு பொத்தானும், ஒரு சிறு சிவப்பு விளக்கும் இருந்தன. பொத்தானை அமுக்கினால் விளக்கு மின்னி மின்னி எண்களாலே தன் வியாதியைச் சொல்லும். நாங்கள் எல்லோரும் குனிந்து நின்றோம். விளக்கு ஒருமுறை மின்னிற்று, சற்று நேரம் கழித்து ஒருமுறை, மறுபடியும் ஒருமுறை. ஒன்று, ஒன்று, ஒன்று. கையேட்டைப் பிரித்துப் பார்த்ததில், கோளாறு எதுவும் இல்லை என்பது அதன் பொருள். பிரதிவாதியே தான் நிரபராதி என்று எழுத்துமூலம் அறிவித்துவிட்ட பிறகு வழக்கை எப்படி நடத்துவது? மருமகன் தேநீர் குடித்துவிட்டு ரயிலேறினான்.

சைவ சித்தாந்தம் படித்தவர்கள், ஒரு பொருளை அறிவதற்கு உரிய அளவைகளுள் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றையும் தலையாயவையாகச் சொல்வார்கள். கொக்குவில் மாமாவும் அவர் வழியினரும் உரையின்மேல் நின்றார்கள். மருமகன் கருதலின்மேல் நின்றான். காட்சி என்னும் அளவையை எடுத்துக்கொள்ள ஒருவரும் முன்வராத அந்தச் சூழ்நிலையில்தான், பக்கத்து வீட்டு டெனிஷ் பெரியவர் வேலிக்கு அப்பாலிருந்து பேச்சுக் கொடுத்தார். பேருந்துகளைத் திருத்தும் வேலையில் ஆயுள் முழுவதையும் கழித்து ஓய்வு பெற்றவர். அவர் என்ன காரணமென்று சொல்லவில்லை. எப்போது, எந்த வேகத்தில், எத்தனை பேரோடு, மழையிலா வெயிலிலா, மேட்டிலா வளைவிலா, விளக்குப் போட்டிருந்ததா, பெற்றோல் முள் எங்கே நின்றது என்று கேட்டார். தெரியாது என்றேன். ஒரு கொப்பியைக் கொண்டுவந்து, கோடு கிழித்து, என் கையில் தந்துவிட்டு, அது நிரம்பும்வரை காரைத் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்குப் பாத்திக்குத் திரும்பிவிட்டார்.

இந்த எழுத்து வெறியை நான் கேலி செய்யமாட்டேன். எங்களைப் போன்றவர்கள் அதற்குக் கடமைப்பட்டவர்கள். 1980களின் பிற்பகுதியில், நீதி அமைச்சராயிருந்த எரிக் நின்-ஹான்சன், இங்கு வந்து சேர்ந்த தமிழ் அகதிகளின் குடும்பங்களை வரவழைக்கும் விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாகத் தடுத்து வைத்தார். விண்ணப்பங்கள் ஏன் நகரவில்லை என்பதற்கு அப்போதும் எத்தனையோ விளக்கங்கள் சொல்லப்பட்டன. மொகன்ஸ் ஹோர்ன்ஸ்லெட் என்ற நீதிபதி ஒவ்வொரு காகிதத்தையும் எடுத்து விசாரித்து ஏறத்தாழ 6,000 பக்கங்களில் அறிக்கை எழுதினார். அது வெளிவந்ததும், 1993 ஜனவரியில், போல் ஷ்லூட்டரின் அரசாங்கம் பதவி விலகிற்று. 1995இல் ராஜ்ய நீதிமன்றம் அமைச்சரைக் குற்றவாளி என்று தீர்த்தது. எங்கே தடைப்பட்டது என்று கண்டுபிடிக்க 6,000 பக்கம் எழுதிய நாட்டில், ஒரு காருக்கு ஒரு கொப்பி அதிகமன்று.

இந்த முறையின் ஆதிபுருஷர் என்று சொல்லத்தக்கவரும் இந்நாட்டவரே. ஓர்ஹூஸ் நகரத்தில் 1644இல் பிறந்த ஓல ரூமர், பாரிஸ் வானாராய்ச்சி நிலையத்திலே வியாழனின் சந்திரன்களுள் ஒன்றாகிய ஐயோவின் கிரகண நேரங்களைக் குறித்து வந்தார். அந்தச் சந்திரன் சில மாதங்களில் சொன்ன நேரத்துக்கு முந்தியும் சில மாதங்களில் பிந்தியும் வந்தது. இடைக்கிடை தோன்றி மறையும் கோளாறென்றால் அதுவே. சந்திரனைக் குறைசொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ரூமர் வரிசை வரிசையாய் எழுதிப் பார்த்து, பூமி வியாழனுக்கு அருகில் இருக்கும்போது கிரகணம் முந்துகிறது, விலகிப் போகும்போது பிந்துகிறது என்று கண்டார். சந்திரனில் குற்றமில்லை, அங்கிருந்து ஒளி வந்து சேரும் வழி நீள்வதும் குறுகுவதுமே காரணம், ஆகவே ஒளிக்கும் பிரயாண நேரம் உண்டு என்று 1676இல் அறிவித்தார். நிலையத்தின் தலைவராயிருந்த காசினி அதை ஏற்கவில்லை. பழி சுமத்தப்பட்ட பொருளை விட்டுவிட்டு, அதற்கும் நமக்கும் இடையே கிடக்கும் வழியைப் பார் என்ற அந்தப் புத்தி, முன்னூறு வருஷத்துக்கு மேற்பட்ட பின் எங்கள் தெருவில் உருளைக்கிழங்கு பயிரிடும் ஒருவரிடம் வந்து சேர்ந்திருந்தது.

கொப்பி நிரம்பியதும் பெரியவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். மழைக்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லை. ஆட்களின் எண்ணிக்கைக்கும் சம்பந்தமில்லை. விளக்கு, வானொலி, காற்றாடி, எதற்கும் சம்பந்தமில்லை. வலுவிழந்த நாட்களிலெல்லாம் பெற்றோல் முள் கால்வாசிக்குக் கீழே நின்றது. நிரம்பிய தாங்கியோடு ஓடியபோது ஒரு முறையும் வலு குன்றவில்லை. அத்துடன் என் மனைவி சொல்லி எழுதுவித்த ஒரு குறிப்பும் இருந்தது: "பின் சீற்றுக்குக் கீழ இருந்து முனகல் கேட்குது." நிபுணர்களிடம் இதை அவர் முன்பே சொல்லியிருந்தார், "அது றோட்டுச் சத்தம் அக்கா" என்று அவர்கள் தள்ளுபடி செய்திருந்தார்கள்.

நிபுணர் முன்னிலையில் கார் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டதன் ரகசியமும் அங்கேயே வெளியாயிற்று. யாழ்ப்பாணத்து மனிதன் தனியே போகும்போது கால்வாசிப் பெற்றோலோடு போவான். வெளியாள் ஒருவரை ஏற்றிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போகும்போது தாங்கியை நிரப்பாமல் போவது அவனுக்குக் கௌரவக் குறைவு. கொக்குவில் மாமாவுக்குப் பயந்து ஓடியது காரல்ல. அவருக்காக நிரப்பிய ஐம்பது லீற்றர் பெற்றோல்தான் ஓடிற்று.

பெரியவர் இதோடும் திருப்தி கொள்ளவில்லை. கொப்பி சொல்வது சந்தேகம், கண்ணால் கண்டால்தான் நிச்சயம் என்பது அவர் கட்சி. பழைய நண்பர் ஒருவரிடமிருந்து ஓர் அழுத்தமானியை இரவல் வாங்கி வந்து, எஞ்சினுக்குப் பெற்றோல் பகிர்ந்து கொடுக்கும் குழாயில் அதைப் பூட்டி, நீண்ட றப்பர்க் குழாயை எஞ்சின் மூடியின் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, முகக் கண்ணாடியின் வெளிப்புறத்தில், எனக்கும் அவருக்கும் ஒருங்கே தெரியும்படி, ஒட்டுநாடாவால் ஒட்டினார். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை முகத்தில் கட்டிக்கொண்டு வைத்தியசாலையை விட்டு ஓடிவந்த நோயாளியைப் போல் அந்தக் கார் ஹேர்னிங்கின் பிரதான வீதியில் புறப்பட்டது. தாங்கியில் வேண்டுமென்றே கொஞ்சப் பெற்றோல்தான் விட்டிருந்தோம்.

ஹேர்னிங்கைச் சுற்றி மேடு கிடையாது. பழைய கரம்பை நிலம். ஆகவே மேடு தேடிப் போகவேண்டியிருந்தது. வைல நகரத்துக்கு அருகே, ஃபியோர்டின் தென்கரையிலிருந்து பீச் மரக் காட்டினூடே சுழன்று சுழன்று மேலேறும் மூங்கபியர்க் பாதையை அவர் தேர்ந்தெடுத்தார். பழைய கார்களை வைத்து மலையேற்றப் பந்தயம் நடத்தும் பாதை அது. அடிவாரத்தில் அழுத்தமானி 3 பார் அளவைச் சரியாகக் காட்டிற்று. முதலாவது வளைவில் முள் நடுங்கிற்று. அடுத்த வளைவில், கார் ஒரு பக்கம் சாய்ந்து ஏறும்போது, பின் ஆசனத்தடியிலிருந்த முனகல் அலறலாயிற்று; முள் சரசரவென்று இறங்கி ஒன்றுக்கும் கீழே போயிற்று; எஞ்சின் விக்கி, விக்கி, நின்றேவிட்டது. எங்களுக்குப் பின்னால் சைக்கிளில் ஏறி வந்த ஓர் இளைஞன் இறங்கி நின்று, உதவி வேண்டுமா என்று விசாரித்தான். நான் ஆனந்தத்தால் கைதட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு அவன் பெரியவரைப் பார்த்தான். பெரியவர் கொப்பியில் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தார்.

காரணம் இதுதான். இந்த இனக் கார்களில் பெற்றோல் பம்புகள் இரண்டு: தாங்கிக்குள்ளே மூழ்கிக் கிடக்கும் சிறிய பம்ப் ஒன்று, பின் ஆசனத்துக்கு நேர்கீழே வெளியே தொங்கும் பெரிய பம்ப் ஒன்று. சின்னவன் தள்ளிக் கொடுக்க, பெரியவன் அழுத்தமேற்றி எஞ்சினுக்கு அனுப்புவான். தாங்கிக்குள்ளே சிறிய பம்பையும் வெளியே போகும் குழாயையும் இணைப்பது ஒரு சிறு றப்பர்க் குழாய். அது முதுமையினாலும், ஒரு குளிர்காலம் முழுவதும் குறைந்த பெற்றோலில் காற்றுப்படக் காய்ந்து கிடந்ததனாலும், நீளவாக்கில் வெடித்திருந்தது. தாங்கி நிரம்பியிருக்கும்போது அந்த வெடிப்பு பெற்றோலுக்குள் மூழ்கியிருப்பதால், பெரிய பம்ப் உறிஞ்சினாலும் பெற்றோலே வரும். மட்டம் இறங்கியபின் வெடிப்பு வெளியே தெரியும். அப்போது மேட்டிலும் வளைவிலும் பெற்றோலுக்குப் பதில் காற்று வரும். சமதரையில் எஞ்சினுக்குச் சொற்பப் பெற்றோல் போதுமாகையால் அதுவும் தெரியாது. புது எஞ்சினுக்கு இதில் எள்ளளவும் தொடர்பில்லை. பழைய எஞ்சின் இருந்திருந்தாலும் அதே பாலத்தில் அதே மாதிரித் திணறியிருக்கும்.

பின்பக்கக் கம்பளத்தைக் கிளப்பி, மூடியைக் கழற்றி, பம்பை வெளியே எடுத்தபோது, வெடித்த குழாய் என் சுண்டுவிரல் நீளங்கூட இல்லை. அதன் விலை கோபன்ஹேகனில் ஒரு கோப்பை கோப்பிக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. ஒரு விஷயம் மட்டும் கவனிக்கவேண்டியது: சாதாரணப் பெற்றோல் குழாய் உட்புறத்தில்தான் பெற்றோலைத் தாங்கும்; தாங்கிக்குள் போடுவதற்கு வெளிப்புறமும் பெற்றோலில் ஊறக்கூடிய குழாயே வேண்டும், இல்லாவிட்டால் கொஞ்சக் காலத்தில் ஊதிப் பிளந்துவிடும். கடைக்காரர்கள் கேட்டால்தான் சொல்வார்கள்.

செய்தி பரவியபோது எங்கள் சமூகத்தில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. பில்டரை மாற்றச் சொன்னவர், "பெற்றோல் வழியில பிழை எண்டு நான் அப்பவே சொன்னன்" என்றார். ரிலேயைச் சொன்னவர், பம்ப் சம்பந்தமானது என்று தாம் குறிப்பாக உணர்த்தியதை ஞாபகப்படுத்தினார். கொக்குவில் மாமா வந்து குழாயைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, வெடிப்பை நகத்தால் விரித்துப் பார்த்தார். "எண்டாலும் தம்பி, ஏர்த்தும் லூசாத்தான் கிடந்தது" என்றார். அதை மறுக்க எவருக்கும் மனம் வரவில்லை. எஞ்சினைப் பழித்தவர்களுள் ஒருவராவது எஞ்சினிடம் வருத்தம் தெரிவித்ததாக நான் கேள்விப்படவில்லை.

இந்த வெற்றிக்குப் பிறகு அந்த அழுத்தமானிக்கு யூட்லாந்துத் தமிழர்களிடையே பெரும் கிராக்கி உண்டாகி, ஹேர்னிங்கிலிருந்து ஹோல்ஸ்ரபுரோ, அங்கிருந்து கிறின்ஸ்ரெட் என்று கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டிருக்கிறது. அது பெரியவருடையதன்று, அவருடைய நண்பருடையது. பெரியவர் வேலிக்கு அப்பாலிருந்து தினமும் என்னைப் பார்க்கிறார், ஒன்றும் கேட்பதில்லை. இப்போது அதை வைத்திருக்கும் அன்பர் யாராயினும், அடுத்த திருவிழாவுக்கு வரும்போது தயவுசெய்து குழாயோடு கொண்டுவந்து தந்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.